பழவேற்காடு ஏரிக்கு ஒரு நாள்: சென்னையிலிருந்து போய் வர முழுமையான வழிகாட்டி

பழவேற்காட்டு ஏரிக்கு நான் மூன்று தடவை போனேன். பார்த்தது மூன்றாவது தடவைதான்.

முதல் தடவை மே மாதம். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, அதனால் கிளம்பினோம். சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையில் பதினொரு மணி வெயிலில் இறங்கிப் பார்த்தால் இரண்டு பக்கமும் பாளம் பாளமாக வெடித்த சேறு. ஏரி எங்கேப்பா என்று சின்னவள் கேட்டாள். இரண்டாவது தடவை டிசம்பர் தொடக்கம், புயல் மழை ஓய்ந்த கையோடு. இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், பக்கத்தில் ஒரு பூநாரை (ஃபிளமிங்கோ) கூட இல்லை. மூன்றாவது தடவை பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை. அதே சாலை, அதே வளைவு. கணுக்கால் அளவு தண்ணீரில் வரிசை வரிசையாக, எண்ணி மாளாத அளவுக்குப் பூநாரைகள்.

அன்றைக்குப் புரிந்தது: இந்த ஏரிக்கு நாள் குறிக்க வேண்டியது தண்ணீரைப் பார்த்து. விடுமுறையைப் பார்த்து நாள் குறித்தால் வண்டிக்குப் பெட்ரோல் செலவுதான் மிச்சம். அதனால் இந்த வழிகாட்டியில் எப்படிப் போவது என்பதைவிட எப்போது போவது என்பதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில், இது எந்த மாதிரி உப்பு ஏரி?

உப்பு ஏரி என்றதும் ராஜஸ்தானின் சாம்பர் ஏரி மாதிரி வெள்ளை வெளேரென்று உப்புப் பாளம் விரிந்து கிடக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். சாம்பர் நிலத்துக்கு நடுவே இருப்பது. வந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் காய்ந்து உப்பாகிறது. பழவேற்காடு கடலோரத்துக் காயல். வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா என்ற நீளமான மணல் தீவு வரப்பு மாதிரிப் படுத்திருக்கிறது. வரப்பு உடைந்த இடங்களில், அதாவது முகத்துவாரங்களில், கடல் உள்ளே வருகிறது. இன்னொரு பக்கம் தெற்கே ஆரணியாறும், மேற்கிலிருந்து காளங்கியும், வடக்கே சுவர்ணமுகியும் நல்ல தண்ணீர் கொண்டுவந்து சேர்க்கின்றன. இரண்டும் கலந்த உவர்நீர்தான் ஏரி. இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தென்முனை மட்டும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில்.

நீளம் சுமார் 60 கிலோமீட்டர். ஆழமோ சராசரியாக ஒரு மீட்டர்தான். இந்த ஒரு மீட்டரை மனதில் வையுங்கள், எல்லாச் சூட்சுமமும் அதில்தான் இருக்கிறது. தட்டில் ஊற்றின தண்ணீர் மாதிரி ஏரி இது. கொஞ்சம் கூடினால் நெடுந்தூரம் பரவும், கொஞ்சம் குறைந்தால் நெடுந்தூரம் பின்வாங்கும். தண்ணீர் வற்றும்போது 250 சதுர கிலோமீட்டர், ஏறும்போது 450 சதுர கிலோமீட்டர் என்று பரப்பளவுக்கு இரண்டு கணக்கு சொல்வது இதனால்தான்.

உப்பும் அப்படியே. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் ஆற்றுத் தண்ணீர் வந்து ஏரியின் சில பகுதிகள் கிட்டத்தட்ட நல்ல தண்ணீர் ஆகிவிடும். கோடையில் ஆறு வராது, முகத்துவாரத்தை மணல் மூடினால் கடலும் வராது, வெயில் மட்டும் வரும். அப்போது வடக்குப் பகுதியில் மிஞ்சுகிற தண்ணீர் கடலைவிட அதிகமாகக் கரிக்கும். கரையில் ஐந்து நிமிடம் கால் நனைத்துவிட்டு வெயிலில் நின்று பாருங்கள்: பேன்ட் ஓரத்தில் தண்ணீர் ஏறின உயரத்துக்கு வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருக்கும்.

நாள் குறிப்பது

பூநாரைக்கு நீளமான கால்தான், ஆனாலும் அது நின்று இரை தேடுவது நமக்குக் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை வரும் தண்ணீரில். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, வளைந்த அலகைத் தண்ணீருக்குள் விட்டு, நாக்கால் தண்ணீரை உறிஞ்சித் தள்ளி, சிக்கின பாசியையும் சின்னச் சின்ன இறால் வகையறாவையும் வடிகட்டித் தின்னும். அந்தத் தீனியில் இருக்கிற நிறமிதான் இறகுக்கு அந்த ரோஜா நிறத்தைத் தருகிறது. ஆழம் கூடிவிட்டால் அலகு அடிச்சேற்றுக்கு எட்டாது, பறவை வேறு மேட்டைத் தேடிப் போய்விடும்.

ஆகவே மாதக் கணக்கு இப்படி வரும். அக்டோபர், நவம்பர் மழை; போகாதீர்கள், புயல் காலம் வேறு. டிசம்பரில் பறவைகள் வந்திருக்கும், ஆனால் அந்த வருடம் மழை நன்றாகப் பெய்திருந்தால் ஏரி நிறைந்திருக்கும், பறவைகள் கலைந்து தூரத்தில் கிடக்கும். பொங்கல் தாண்டியதும் தண்ணீர் இறங்க ஆரம்பிக்கும். ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரைதான் என் ஓட்டு. மழை குறைந்த வருடமென்றால் இதை மூன்று நான்கு வாரம் முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள். ஏப்ரலுக்குப் பிறகு வடக்குப் பக்கம் போவதில் பயனில்லை.

வாரத்தில் எந்த நாள்? வேலைநாள் கிடைத்தால் உத்தமம். ஞாயிற்றுக்கிழமை சாலை ஓரமெல்லாம் கார் நிற்கும், யாராவது ஒருவர் கூட்டத்தைப் பறக்கவைத்துப் படம் எடுக்கக் கல் எறிவார். ராக்கெட் ஏவும் நாளா என்றும் செய்தியில் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று ஸ்ரீஹரிகோட்டா சாலையில் கெடுபிடி அதிகம், பறவை பார்க்க நிற்க முடியாது. ஆனால் பழவேற்காடு ஊருக்குப் போகிறவர்களுக்கு அது போனஸ்: கரையிலிருந்தே ராக்கெட் எழும்புவது தெரியும்.

முகத்துவாரத்தின் பக்கம் போவதாக இருந்தால் நாள்காட்டியில் அமாவாசை, பௌர்ணமியையும் பாருங்கள். அந்த நாட்களை ஒட்டிக் கடல் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். ஏரிக்குள் போகும், வரும் தண்ணீரின் இழுவையும் அப்போது கூடுதல்.

இரண்டு வாசல், எது உங்களுக்கு?

பழவேற்காடு என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் போவது இரண்டு வெவ்வேறு இடங்களுக்கு. இதைத் தெரியாமல் போய்த்தான் பலரும் ஏமாந்து திரும்புகிறார்கள்.

தெற்கு வாசல் பழவேற்காடு ஊர். சென்னையிலிருந்து 55, 60 கிலோமீட்டர். முகத்துவாரம், படகுத்துறை, மீன், நண்டு, டச்சுக்காரர் கல்லறை எல்லாம் இங்கே. பறவைகள் உண்டு, பக்கத்தில் வரும் என்று உத்தரவாதம் இல்லை.

வடக்கு வாசல் சூலூர்பேட்டை. சென்னையிலிருந்து 80 கிலோமீட்டர் சொச்சம், ஆந்திர எல்லைக்குள். இங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகிறது. பூநாரையைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். இன்னும் வடக்கே நேலப்பட்டு சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும். பறவைக்காக மட்டும் போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் இங்கே போங்கள்.

ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாமா? சொந்த வண்டி இருந்தால், இருட்டோடு கிளம்பினால், முடியும். நான் ஒருமுறை செய்தேன். மதியத்துக்கு மேல் எல்லோரும் வண்டியில் தூங்கிவிட்டார்கள்.

போகும் வழி

பழவேற்காட்டுக்கு ரயிலில்: சென்ட்ரல் பக்கத்து மூர்மார்க்கெட் புறநகர் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி பொன்னேரியில் இறங்குங்கள், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய. பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து உண்டு. இறங்கும்போதே கண்டக்டரிடம் திரும்பி வர கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியில் போகிறவர்கள் செங்குன்றம் தாண்டி, கொல்கத்தா நெடுஞ்சாலையான ஜிஎன்டி ரோட்டில் தச்சூர் கூட்டுரோடு வரை போய், வலது பக்கம் திரும்பி, பொன்னேரி, திருப்பாலைவனம் வழியாகப் போகலாம். தனிப் பைக்கில் அதிகாலையில் போகிறவர்கள் கனரக லாரிகளைக் கவனித்துக்கொள்ளுங்கள், துறைமுகத்துக்குப் போகிற வண்டிகள் அந்தப் பக்கத்தில் அதிகம்.

சூலூர்பேட்டைக்கு அதே தடத்தில் கும்மிடிப்பூண்டியைத் தாண்டிப் போகும் வண்டிகள் உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு. ரயிலில் போனால் விடியலைத் தவறவிடுவீர்கள். நான்கைந்து பேர் சேர்ந்து கார் எடுத்துக்கொண்டு நான்கரை மணிக்குச் சென்னையைத் தாண்டிவிடுவதுதான் சரி.

எடுத்துப்போக வேண்டியவை

தொப்பி, ஒருவருக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பைனாகுலர். கேமரா இல்லாவிட்டால் பரவாயில்லை, பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள். செல்போனில் பூநாரை வெள்ளைப் புள்ளியாகத்தான் விழும். மூடின செருப்போ பழைய ஷூவோ கட்டாயம். ஏரிக்கரையில் சிப்பி ஓடு பிளேடு மாதிரிக் கிடக்கும், அதில் வெட்டின காலை உப்புத் தண்ணீரில் வைத்தால் ஏழு தலைமுறையும் நினைவுக்கு வரும். மீன் வாங்கும் எண்ணம் இருந்தால் தெர்மாகோல் பெட்டி. டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்: சரணாலயம், பக்கத்திலேயே விண்வெளி மையம், இரண்டு காரணத்தாலும் அனுமதி கிடையாது.

வடக்கு வாசலில் காலை

சூலூர்பேட்டையில் ஒரு டீ குடித்துவிட்டு ஆறரைக்குள் ஏரிச் சாலையில் இருங்கள். இந்தச் சாலை மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. போகும்போது சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும், எதுவும் சரியாகத் தெரியாது. பதறாதீர்கள். நிற்காமல் முன்னால் போய், விண்வெளி மையத்துச் சோதனைச் சாவடிக்கு வெகு முன்பாகவே திரும்பிவிடுங்கள். திரும்பி வரும்போது வெயில் முதுகில் இருக்கும், அப்போது மெதுவாக வாருங்கள். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து ஓடுவதால் சாலைக்கு வடக்குப் பக்கத்துப் பறவைகள் மேல்தான் நல்ல வெளிச்சம் விழும். சோதனைச் சாவடியைப் படம் எடுக்க வேண்டாம்.

நிறுத்தும்போது வண்டியைச் சாலையை விட்டு முழுவதும் இறக்கி நிறுத்துங்கள், விண்வெளி மையத்து ஊழியர் பேருந்துகள் வேகமாக வரும். கதவை அறையாதீர்கள். பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். அப்புறம்தான் கூட்டத்துக்குள் இருக்கிற சத்தம் கேட்க ஆரம்பிக்கும், வாத்துக்கூட்டம் மாதிரி ஒரு முணுமுணுப்பு. நின்ற இடத்திலேயே காலால் சேற்றை மிதித்துக் கலக்கிவிட்டு, தன்னைத் தானே சுற்றிக்கொண்டு தின்னுகிற பறவைகளைக் கவனியுங்கள். சாம்பல் நிறத்தில் நிற்பவை வேறு பறவை அல்ல, இளசுகள். நிறம் ஏற இரண்டு மூன்று வருடம் ஆகும். கூடவே கூழைக்கடா, சங்குவளை நாரை, ஆலாக்கள் எல்லாம் இருக்கும்.

ஏரிக்குள் இறங்கிக் கிட்டப் போகலாமே என்று தோன்றும். மேலே காய்ந்து பொருக்குத் தட்டின இடம் கீழே உளையாக இருக்கும். என் தம்பியின் ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஒன்பதரை மணிக்கு மேல் கானல் ஆட ஆரம்பித்துவிடும், கிளம்பிவிடலாம்.

தெற்கு வாசலில் ஒரு பகல்

பழவேற்காட்டில் முதலில் மீன் இறங்கும் இடத்துக்குப் போங்கள், எட்டு மணிக்குள் போனால் நல்லது. மடவை, கிழங்கான், கொடுவா, இறால், நண்டு. ஏரியின் உப்பு கூடிக் குறைவதை இந்தக் கூடைகளிலேயே படிக்கலாம். கடலில் பிறந்த இறால் குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து திரும்பிப் போகும். முகத்துவாரத்தை மணல் மூடினால் கூடையும் காலி. இங்கே மீனவர்கள் 'பாடு' என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள்: எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று ஊர் கூடி முறைவைத்துப் பிரித்துக்கொள்வது. வாய்க்கால் ஓரங்களில் இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பதைப் பார்க்கலாம். படம் எடுக்குமுன் கேளுங்கள்.

நண்டு வாங்கும் கதை தனி. கயிறு கட்டின பச்சை நண்டில் பெரிசாக ஒன்றை நான் எடுத்தேன்.

"அத்த எடுக்காத தம்பி. அது தண்ணி நண்டு."

"எப்பிடிக்கா சொல்றீங்க?"

அந்த அக்கா நண்டைத் திருப்பி, காலுக்கு அடியில் இருக்கிற ஓட்டுப் பகுதியைக் கட்டை விரலால் அழுத்தினார். லேசாக உள்ளே போனது. இன்னொன்றை எடுத்து அழுத்தினார், கல் மாதிரி இருந்தது. "இது சதை. அளவப் பாக்காத, கனத்தப் பாரு." சட்டை உரித்துப் புது ஓடு போட்ட நண்டு உள்ளே தண்ணீர் நிரம்பியிருக்கும், எடை போட்டால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு. சின்ன நண்டுதான், வீட்டில் மிளகு போட்டுச் செய்ததும் அக்கா சொன்னது உண்மை என்று தெரிந்தது.

அப்புறம் ஊர். பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் டச்சுக் கல்லறைத் தோட்டம், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பூட்டியிருந்தால் பக்கத்தில் விசாரியுங்கள். வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கின எலும்புக்கூடுகள். உள்ளே 1600களின் கல்லறைகள், பலகை பலகையாகக் கருங்கல்லில் குலச் சின்னங்களும் எழுத்தும். ஒரு கல்லில் அவர்கள் கோட்டையின் படமே செதுக்கியிருக்கிறது. நகம் அளவு எழுத்துகூட நேற்றுச் செதுக்கினது போல நிற்கிறது. கோட்டை அப்படி நிற்கவில்லை. 1613இல் கட்டின ஹெல்ட்ரியா கோட்டை, சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களுக்குத் தலைமையிடமாக இருந்தது. இன்று முள்ளுப்புதர் மூடின மேடு. உள்ளே நுழைய வேண்டாம், பாம்பு இருக்கும்.

அவர்கள் வந்தது துணிக்காக. மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட கைலியை இன்றும் 'காயின் பெலிகாட்' என்பார்கள், அந்தப் பெலிகாட் இந்தப் பழவேற்காடுதான். துணியோடு மனிதர்களையும் அடிமைகளாக இங்கிருந்து கப்பலேற்றினார்கள், எலும்புக்கூட்டை வேடிக்கை பார்க்கும்போது அதையும் நினைத்துக்கொள்ளலாம். நேரமிருந்தால் செம்புராங்கல்லில் கட்டின ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் விரலளவு ராமாயணச் சிற்பங்களைப் பாருங்கள். ஜமீலாபாத் பக்கம் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகளும் வாங்க உகந்தவை.

சென்னைக்காரர்களுக்கு ஒரு உபரிச் செய்தி: ஏரியின் ஊடே போகிற பக்கிங்காம் கால்வாயில்தான் ஒரு காலத்தில் ஸ்ரீஹரிகோட்டா விறகும் உப்பும் படகேறிப் பேசின் பிரிட்ஜுக்கு வந்தன. நம் கொள்ளுப்பாட்டிகள் சோறு வடித்த விறகில் ஒரு பங்கு இந்தத் தீவினுடையது.

படகு

இதைச் சுருக்கமாகச் சொல்ல மனம் வரவில்லை. 2011 டிசம்பர் 25ஆம் தேதி சுற்றுலா வந்தவர்களை ஏற்றிப்போன படகு இங்கே கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. ஆனாலும் கரையில் நின்றால் "போட்டு வேணுமா சார்" என்று காதோடு கேட்பவர்கள் உண்டு. ஒரு மீட்டர் ஆழம்தானே என்று நினைப்பீர்கள். ஏரிக்கு அதுதான் சராசரி, முகத்துவாரத்தில் அந்தக் கணக்கு செல்லாது. ஏரி முழுவதும் பரவின தண்ணீர் ஒரு குறுகின வாயில் வழியாகக் கடலுக்குத் திரும்பும் இடம் அது. உள்ளிருந்து இழுவை, வெளியிலிருந்து அலை, நடுவில் அடிக்கடி இடம் மாறும் மணல்திட்டு.

அன்றைய தேதியில் வனத்துறையோ காவல்துறையோ அனுமதித்த படகு இருந்தால், ஒவ்வொருவருக்கும் உயிர்காப்புக் கவசம் இருந்தால், ஏறுங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் வேண்டாம். குளிக்கவும் இறங்காதீர்கள். தண்ணீரைக் கடக்க ஆசையென்றால் ஊரிலிருந்து லைட் ஹவுஸ் குப்பம் பக்கம் போகும் பாலத்தில் நடங்கள். நடுவில் நின்று பார்த்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று தூண்களின் அடியில் தெரியும், அப்போது கடல் ஏறுகிறதா வற்றுகிறதா என்று நீங்களே சொல்லிவிடலாம். சாயங்காலம் நான்கரைக்கு மேல் நல்லது. வெயில் மேற்கே, ஊர்ப்பக்கம் இறங்கும், ஏரி முழுக்க வெளிச்சமாக இருக்கும்.

வீடு திரும்பியதும்

வண்டியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அன்றே நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், பைக் என்றால் செயினுக்கு எண்ணெய் போடுங்கள். பைனாகுலரை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அப்புறம் காய்ந்த துணியால் துடையுங்கள். நேராகக் காய்ந்த துணி வைத்தால் உப்புப் பொடி கண்ணாடியைக் கீறிவிடும். நண்டை மறக்க வேண்டாம். ஒருமுறை டிக்கியில் விட்டுவிட்டு இரண்டு நாள் கழித்துத் திறந்தேன், அந்த வண்டியை விற்கும்வரை வாடை போகவில்லை.